அடுத்த வாய்தாவிலும் அதே நீதிபதி

(வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போதைப் பழக்கத்தால் வழக்கில் சிக்கியவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பும் நீதிமன்றங்கள் அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இதைச் சொன்னதும் இங்கே பாதிப் பேர், அந்த நாட்டு நீதிபதிகளுக்கு இளகிய மனசு போலும் என்று நினைப்பீர்கள். மீதிப் பேர், கஞ்சா கேஸில் பிடிபட்டவனுக்கு ஜெயில் இல்லையென்றால் ஊர் தாங்குமா என்பீர்கள். இரு தரப்புக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நீதிமன்றம் பிறந்ததற்குக் காரணம் இரக்கமல்ல, ஜெயிலில் படுக்க இடமில்லாமல் போனது.

1980களின் நடுவில் மயாமி நகரத்துத் தெருக்களுக்கு ‘கிராக்’ வந்தது. கொக்கெய்னைக் கட்டியாக்கிப் புகைப்பது. விலை மலிவு. போதை சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும், உடனே இன்னொன்று வேண்டும். 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் பயந்துபோய் ஒரு சட்டம் போட்டது. கிராக் 5 கிராம் கடத்தினால் குறைந்தது 5 ஆண்டு. தூள் கொக்கெய்னாக இருந்தால் அதே 5 ஆண்டுக்கு 500 கிராம் வேண்டும். சரக்கு ஒன்றுதான், வடிவம்தான் வேறு. கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நூறுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கைப் பதினெட்டுக்கு ஒன்று என்று இறக்கவே 2010 வரை ஆயிற்று. இன்றும் சமமாகவில்லை.

இது மத்தியச் சட்டம். மயாமியின் தெருவில் பிடிபட்டவர்கள் மாநில நீதிமன்றத்துக்குத்தான் வந்தார்கள். வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். சிறை பிதுங்கியது. கூட்டத்தைக் குறைக்கச் சொல்லி மத்திய நீதிமன்றத்தின் நெருக்கடி. ஹெர்பர்ட் கிளைன் என்ற நீதிபதியை உட்காரவைத்து, என்ன செய்யலாம் பாருங்கள் என்றார்கள். அவர் பார்த்தது நம் கோர்ட் வராந்தாவில் நிற்கும் பெஞ்ச் கிளார்க்குக்குக்கூடத் தெரிந்த சங்கதி. பிடிப்பது, ரிமாண்ட், ஜாமீன், மறுபடி அதே மூலை, அதே கை, அதே பொட்டலம். 1989இல் தலைமை நீதிபதி ஜெரால்ட் வெதரிங்டன் ஒரு நிர்வாக உத்தரவில் கையெழுத்திட்டார். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் தலைவி ஜேனட் ரீனோவும், ஏழைகளுக்காக அரசு நியமித்த வழக்கறிஞர்களின் தலைவர் பென்னட் பிரம்மரும் சேர்ந்து சம்மதித்தார்கள். எதிரெதிர் நாற்காலியில் இருப்பவர்கள் ஒரே தாளில் சம்மதித்தது சின்ன விஷயமில்லை.

முதல் நீதிபதி ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன். முன்பு மோட்டார் சைக்கிளில் ரோந்து போன போலீஸ்காரர். இவரைத் தேர்ந்ததில்தான் அந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்பது என் எண்ணம். தெருவில் பொய் சொல்லும் ஆளை எத்தனையோ தடவை பார்த்தவர், மேடையில் உட்கார்ந்தபின் வழக்கறிஞரை ஒதுக்கிவைத்துவிட்டு நேரே ஆளிடம் பேசினார். நல்லவராக இருந்தால் போதாது, ஏமாறாதவராகவும் இருக்க வேண்டும்.

அந்த நீதிமன்றத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று விவரமாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கோர்ட் கூடுவதற்கு முன்பே ஓர் அறையில் நீதிபதி, அரசு வழக்கறிஞர், எதிரி தரப்பு வழக்கறிஞர், நன்னடத்தை அலுவலர், சிகிச்சை மையத்தின் ஆள் எல்லோரும் உட்காருகிறார்கள். இன்று வரவேண்டியவர்களின் பட்டியல் முன்னால் இருக்கும். இவர் ஆலோசனைக்கு வந்தாரா, சிறுநீர்ச் சோதனையில் என்ன வந்தது, வேலை கிடைத்ததா, மனைவி திரும்பி வந்தாளா. பிறகு கோர்ட். பெயர் கூப்பிடப்படும். வருகிறவரிடம் நீதிபதி போன தடவை விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். சோதனை சுத்தமாக இருந்தால் கோர்ட்டிலேயே கைதட்டல். கைதட்டலா என்று சிரிக்காதீர்கள். அந்த ஆளுக்காக யாராவது கைதட்டி எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? தவறியிருந்தால் தண்டனையும் உடனே உண்டு. சின்னதில் தொடங்கி ஏறும். கோர்ட் முடியும்வரை ஜூரிகள் உட்காரும் பெட்டியில் உட்கார்ந்திரு, ஒரு கட்டுரை எழுதி வா, ஊர்ப் பணி செய், கடைசியில் சில நாள் சிறை. ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை ஆஜராக வேண்டும். தேறத் தேற இடைவெளி கூடும். மொத்தம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். முடித்தவருக்குப் பட்டமளிப்பு மாதிரி ஒரு சடங்கு. பல இடங்களில் வழக்கும் தள்ளுபடி.

மயாமியில் காதில் ஊசி குத்தும் அக்குபங்சரும் சிகிச்சையில் சேர்ந்திருந்தது. கொக்கெய்ன் பழக்கத்துக்கு அது கேட்குமா என்று பிற்பாடு முறையாகச் சோதித்தபோது, போலியாகக் குத்திய ஊசியைவிட மேலாக எதுவும் தெரியவில்லை. ஆனாலும் திட்டம் ஓடியது. அப்படியானால் ஓட வைத்தது வேறு ஏதோ ஒன்று.

அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்று தேடியவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் டக்ளஸ் மார்லோவும் டேவிட் ஃபெஸ்டிங்கரும். டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகர நீதிமன்றத்தில் அவர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீதிபதி முன் நிற்க வேண்டும். மற்றவர்கள் ஏதாவது சிக்கல் வந்தால் மட்டும் வந்தால் போதும். மொத்தக் கணக்கில் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் கதை வேறு. முன்பே சிகிச்சை எடுத்துத் தோற்றவர்கள், சட்டத்தை மதிக்காத சுபாவம் ஊறிப்போனவர்கள், இவர்களுக்கு அந்த இரண்டு வார வாய்தா வேலை செய்தது. லேசான ஆட்களுக்கு அது தேவைப்படவில்லை. அடிக்கடி கோர்ட்டுக்கு இழுப்பது சிலருக்கு இடைஞ்சலாகவே முடிந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். இது கடினமான ஆட்களுக்கான நீதிமன்றம். பாக்கெட்டில் ஒரு பொட்டலத்தோடு முதல் தடவை பிடிபட்ட கல்லூரிப் பையனுக்கு இதைத் திறந்து வைப்பது வீண், சில நேரம் கேடு. ஆனால் அரசாங்கங்கள் செய்தது நேர் எதிர். ஜேனட் ரீனோ 1993இல் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ஆனார். அடுத்த வருஷம் வந்த குற்றத் தடுப்புச் சட்டத்தில் இந்த நீதிமன்றங்களுக்கு மத்திய நிதி கிடைத்தது, நாடெங்கும் பரவின. அதே சட்டம், வன்முறை வழக்குள்ளவரைச் சேர்த்தால் அந்தப் பணம் கிடையாது என்றும் சொல்லிவிட்டது. பத்திரிகையில் பெயர் கெடாமல் இருக்க எளிய ஆட்களைச் சேர்த்தால் போதும், தேர்ச்சி விகிதமும் அழகாக இருக்கும்.

தேறுகிறார்களா என்று கேட்பீர்கள். 2012இல் மிட்செல், வில்சன் முதலான ஆய்வாளர்கள் 154 மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான பாதையில் போனவர்களில் நூற்றுக்கு ஐம்பது பேர் மறுபடி குற்றத்தில் சிக்கினால், பெரியவர்களுக்கான இந்த நீதிமன்றத்தின் வழியாக வந்தவர்களில் முப்பத்தெட்டு பேர் சிக்குகிறார்கள். சிறுவர்களுக்கென்று வைத்தவற்றில் பலன் மிகச் சொற்பம். ஐம்பது முப்பத்தெட்டாகக் குறைவது அற்புதமில்லை. ஆனால் பன்னிரண்டு வீட்டில் பன்னிரண்டு பேர் இரவு வீட்டுக்கு வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 23 நீதிமன்றங்களை எடுத்துக்கொண்டு 2011இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வு, ஏன் மாறினார்கள் என்று ஆட்களிடமே கேட்டது. நீதிபதி என்னை நியாயமாக நடத்தினார், மரியாதையாகப் பேசினார் என்று நினைத்தவர்களே அதிகம் தேறியிருந்தார்கள். முன்பு வன்முறை வழக்கு இருந்தவர்களும் மற்றவர்களுக்குக் குறையாமல் பலன் பெற்றிருந்தார்கள். 1994இல் அவர்களை வெளியே தள்ளிய சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக மருந்து எது என்றால், ஒரே நீதிபதி, அடிக்கடி, மரியாதையாக. இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். இதே இடத்தில்தான் விஷமும் இருக்கிறது.

முதலில் நம் தொழிலைப் பார்ப்போம். எதிரி தரப்பு வழக்கறிஞர் அந்த முன்கூட்டிய அறையில் ‘குழு’வில் ஒருவராக உட்காருகிறார். கட்சிக்காரர் தன்னிடம் நம்பிச் சொன்னதை அங்கே என்ன செய்வார்? குழுவின் முடிவு மூன்று நாள் சிறை என்றால் எழுந்து ஆட்சேபிப்பாரா, தலையாட்டுவாரா? பல இடங்களில் சிகிச்சைக்குள் நுழையவே முதலில் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவில் தவறி வெளியே தள்ளப்பட்டால் ஒத்துக்கொண்ட குற்றம் மட்டும் கையில் நிற்கும். தொடக்கத்திலேயே பேரம் பேசிக் குறைந்த தண்டனை வாங்கிக்கொண்டு போனவரைவிட இவர் நீண்ட காலம் உள்ளே இருந்த வழக்குகள் உண்டு. முயன்று பார்த்ததற்கு ஒரு தண்டனை.

அடுத்தது, நீதிபதி டாக்டராக மாறிவிடுவது. ஹெராயின் போன்ற அபின் வகைப் பழக்கத்துக்கு மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் என்று நிரூபணமான மருந்துகள் இருக்கின்றன. மெத்தடோன் சிகிச்சை 1960களிலிருந்து இருக்கிறது. ஆனால் எத்தனையோ நீதிபதிகள், ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா என்று சொல்லி மருந்தை நிறுத்த உத்தரவிட்டார்கள். சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை விட்டால்தான் ஜாமீன் என்று யாரும் சொல்வதில்லை. மருந்தை மறுக்கும் நீதிமன்றத்துக்கு மத்திய நிதி கிடையாது என்று 2015இல் விதி வந்தபிறகுதான் கொஞ்சம் வழிக்கு வந்தார்கள்.

மூன்றாவது, அந்தச் சில நாள் சிறை. கேட்கச் சின்ன தண்டனையாகத் தெரியும். வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களைப் பின்தொடர்ந்து 2007இல் ஓர் ஆய்வு வந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அளவுமீறிய போதையால் சாகும் அபாயம் மற்ற குடிமக்களைவிட அவர்களுக்கு 129 மடங்கு. உள்ளே இருக்கும்போது உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவன் பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறான். அந்த ஆய்வு நீண்ட சிறைவாசம் முடித்தவர்களைப் பற்றியது என்பது உண்மைதான். ஆனால் பாடம் புகட்டுவதற்காக ஆளை உள்ளே தள்ளுகிற நீதிபதி, அவன் வெளியே வரும் நாளில் எந்த டாக்டரிடம் போகிறான் என்பதையும் உத்தரவில் எழுத வேண்டும்.

நான்காவதாக ஒன்று, சொல்லவே சங்கடமானது. ஜார்ஜியா மாநிலத்தில் கிளின் கவுண்டியில் இப்படி ஒரு நீதிமன்றத்தை நடத்திய நீதிபதியைப் பற்றி 2011இல் ஒரு வானொலி நிகழ்ச்சி விரிவாகப் பேசியது. நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கும் அந்த மாநில ஆணையம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. எத்தனை நாள் என்று சொல்லாமலே ஆட்களைக் காவலில் போட்டுவைத்தார் என்பதும் அவற்றில் ஒன்று. அவர் பதவியிலிருந்து விலகினார். இப்படிப்பட்டவர் ஆயிரத்தில் ஒருவர் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் மேல்முறையீடு இல்லாத, சாட்சிக் கூண்டு இல்லாத, எதிர்ப்பேச்சு இல்லாத அறையில் ஒருவரை வருஷக்கணக்கில் உட்காரவைத்தால் அந்த நாற்காலியே ஆளைக் கெடுக்கும்.

டென்வர் நகர நீதிபதி மாரிஸ் ஹாஃப்மன் 2000இல் எழுதிய கட்டுரை ஒன்றைச் சட்ட மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். தங்கள் ஊரில் இந்த நீதிமன்றம் திறந்த இரண்டு ஆண்டில் போதை வழக்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்கானது என்று கணக்குக் காட்டுகிறார். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் போலீஸ், முன்பு எச்சரித்து விட்டவனையும் பிடித்து உள்ளே அனுப்பியது. சிறைக்கு மாற்று என்று தொடங்கியது, வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவனுக்கும் வழக்காக முடிந்தது. அவருடைய கோபம் கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றும், ஆனால் இந்தக் கணக்குக்கு எனக்குப் பதில் தெரியாது.

ஒருவிதமான பதில் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. சிட்னிக்கு மேற்கே பரமட்டாவில் 1999 பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் தன் முதல் போதை நீதிமன்றத்தைத் திறந்தது. அதன் சட்டத்தில் உள்ளே வர ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறார்கள். இந்த ஆளுக்கு எப்படியும் சிறைத் தண்டனை கிடைக்கப் போகிறது என்று இருந்தால் மட்டுமே எடுத்துக்கொள்வோம். இந்த ஒரு வரி டென்வரில் நடந்ததைத் தடுக்கிறது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானதால் குலுக்கல் போடுகிறார்கள், சிபாரிசுக்கு வேலையில்லை. தண்டனையை முதலிலேயே அறிவித்து நிறுத்தி வைக்கிறார்கள், ஆகவே தோற்றால் என்ன ஆகும் என்பது அந்த ஆளுக்கு முதல் நாளே தெரியும். மெத்தடோனும் பியூப்ரினார்ஃபினும் அங்கே சிகிச்சையின் பகுதி. 2008இல் அந்த மாநிலக் குற்றப் புள்ளிவிவரத் துறை கணக்கெடுத்தபோது, இந்த வழி வந்தவர்கள் மறுபடி தண்டனை பெறும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவாக இருந்தது. போதை வழக்குகளில் மட்டும் 38 சதவீதம். ஒரு நாட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றால் நான் அமெரிக்காவை விட்டுப் பரமட்டாவுக்குப் போவேன்.

போர்ச்சுகலை ஏன் விட்டீர்கள் என்று ஓர் இளைஞர் முன்வரிசையிலிருந்து பார்க்கிறார். 2001 ஜூலையிலிருந்து அங்கே சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு வைத்திருப்பது குற்ற வழக்கே ஆகாது. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போகாமல் சமூகப் பணியாளரும் உளவியல் தெரிந்தவரும் இருக்கும் ஒரு குழுவின் முன் உட்காருவார். லேசான ஆட்களுக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன். கனமான ஆட்களுக்குப் பரமட்டா. இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை.

இப்போது நம் ஊர். நமக்கு இப்படி ஒரு நீதிமன்றம் இல்லை. ஆனால் அதற்கான சட்டம் மயாமிக்கும் முன்பே நம்மிடம் இருக்கிறது என்றால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில், அதாவது என்.டி.பி.எஸ். சட்டத்தில், 39ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள். போதை உபயோகித்த குற்றத்திலோ, சிறு அளவு வழக்கிலோ, அடிமையான ஒருவர் குற்றவாளி என்று தீர்மானமானால், தண்டனையை அங்கேயே விதிக்காமல், அவர் சம்மதத்தோடு அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருஷத்துக்கு மிகாத காலத்துக்குள் சிகிச்சையின் அறிக்கையோடு வந்து ஆஜராக வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். 64-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இதே சிறு வழக்குகளில், தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொள்பவர் மீது வழக்கே நடத்த முடியாது. சிறு அளவு என்றால் ஹெராயின் 5 கிராம்வரை, கஞ்சா ஒரு கிலோவரை.

நல்ல பிரிவுகள். ஆனால் அவற்றில் ஆள் இல்லை. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகிறார், காகிதம் ஒரு வருஷம் கழித்து வருகிறது. நடுவில் யார் அவரைப் பார்த்தார்கள்? எந்த நீதிபதி பெயர் சொல்லிக் கூப்பிட்டார்? நம்மிடம் நீதிபதி இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனபிறகு வாய்தா வருகிறது. 64-ஏயில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் கொடுத்த பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்கிறது. போதைச் சிகிச்சையில் தவறி விழுவது வழக்கமான படி, கோல்ட்ஸ்டீன் கோர்ட்டில் அதை எதிர்பார்த்தே தண்டனை ஏணி வைத்திருந்தார்கள். நம் சட்டம் ஒருவன் ஒரு தடவை படுக்கையில் சேர்ந்து ஒரு தடவை எழுந்து வந்துவிடுவான் என்று நினைக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அமைப்பு முதற்கொண்டு இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். படுக்கையை விட்டு எழுந்த நாளிலிருந்துதான் வேலையே தொடங்குகிறது என்பார்கள்.

போலீஸ் தரப்பிலும் ஒன்று உண்டு. பிடித்த கையோடு சிலர் மீது, விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கும் ‘குண்டாஸ்’ போடுகிறார்கள். 1982ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே போதைப் பொருள் குற்றவாளிகளும் இருக்கிறார்கள். விற்பவன் யார், தன் பழக்கத்துக்காக இரண்டு பொட்டலம் கைமாற்றியவன் யார் என்று பிரித்துப் பார்க்காமல் அதைப் போட்டால், நான் இதுவரை பேசியதெல்லாம் வாசலோடு நின்றுவிடும்.

சட்டம் திருத்த டெல்லிக்குப் போக வேண்டும், சிறப்பு நீதிமன்றத்துக்கு நிதி வேண்டும், அதெல்லாம் நடக்கட்டும். 39ஆவது பிரிவு ஒரு வருஷத்துக்கு மிகாமல் என்றுதான் சொல்கிறது, ஒரு வருஷம் என்று சொல்லவில்லை. பதினைந்து நாள் என்று உத்தரவு போட எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் தடை இல்லை. எனவே உங்களில் யாருக்காவது அடுத்து ஒரு சிறு அளவு வழக்கு வந்தால், கட்சிக்காரர் உண்மையிலேயே அடிமைப்பட்டவர் என்று தெரிந்தால், முதலில் அவரையும் அவர் அம்மாவையோ மனைவியையோ அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். சேர்க்கைச் சீட்டை மனுவோடு வையுங்கள். 64-ஏயைக் குறிப்பிடுங்கள். தண்டனை நிலைக்கு வந்துவிட்டால் 39ஐக் குறிப்பிடுங்கள். பதினைந்து நாளில் இதே நீதிமன்றத்தில் ஆஜராகிச் சிகிச்சை அறிக்கை தாக்கல் செய்ய அனுமதிக்கும்படி நீங்களாகவே கேளுங்கள். டாக்டர் கொடுக்கும் மருந்தில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்பதையும் ஒரு வரியாக எழுதுங்கள். மனு தள்ளுபடியானால், தள்ளுபடி செய்த காரணத்தை உத்தரவில் பதிவு செய்யும்படி வற்புறுத்தி, அதன் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.